மூன்றரை வருடப் படங்களை இட்லி மாவுக்குப் பக்கத்தில் வைத்த கதை

2021 ஜனவரி. கொரோனாவுக்காக இரண்டாவது தடவையாக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை போட்டு ஒரு வாரம் ஆகியிருக்கும். கோலாலம்பூர் செந்தூலில் அடுக்குமாடி வீட்டில் நானும் இரண்டு பிள்ளைகளும்தான். வீட்டுக்காரர் ஜொகூரில் வேலை இடத்தில் மாட்டிக்கொண்டார், மாநிலம் தாண்ட முடியாது. காலையில் பசியாறத் தோசை ஊற்றிக்கொண்டிருந்தபோது கைப்பேசியில் ஒரு செய்தி வந்தது. நியூசிலாந்து எண். கிறைஸ்ட்சர்ச்சில் எங்கள் பக்கத்து வீட்டில் இருந்த பாட்டியின் மகள். அடுத்த மாதம் நிலநடுக்கம் நடந்து பத்து வருடம் நிறைகிறதாம். அம்மா போன வருடம் தவறிவிட்டாராம். இடித்துவிட்ட அந்த வீட்டின் படம் தங்களிடம் உருப்படியாக ஒன்றுகூட இல்லையாம். "நீங்கள்தான் எப்போதும் கேமராவும் கையுமாக நிற்பீர்களே, உங்களிடம் இருக்குமா?" என்று கேட்டிருந்தார். நான் யோசிக்கவே இல்லை. இருக்கிறது, இன்று ராத்திரியே அனுப்புகிறேன் என்று பதில் போட்டுவிட்டேன். அந்த ராத்திரி விடிய எட்டு மாதம் ஆனது. கையிலிருந்து 4,300 வெள்ளிக்கு (மலேசிய ரிங்கிட்) மேல் போனது. அழுததற்குக் கணக்கில்லை. யாராவது முன்னாலேயே நாலு வார்த்தை சொல்லியிருந்தால் இதில் பாதிக்கு மேல் மிச்சமாகியிருக்கும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் அந்த ஊருக்கு எப்படிப் போனோம் என்று சொல்லிவிடுகிறேன். வீட்டுக்காரருக்குக் கேன்டர்பரி பல்கலைக்கழகத்தில் மேல்படிப்பு. நான் ஒரு முதியோர் இல்லச் சமையலறையில் பகுதி நேர வேலை. வாடகை குறைவு என்று நகரத்துக்குக் கிழக்கே ஏவன் ஆற்றை ஒட்டிய ஏவன்சைடில் வீடு எடுத்தோம். பக்கத்து வீட்டில் அந்தப் பாட்டி. பாட்டி என்று நான் மனசுக்குள்தான் கூப்பிடுவேன். நேரில் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும், அந்த ஊர் வழக்கம் அப்படி. எழுபது வயதுக்காரரைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு ஆறு மாதம் நாக்கு கூசியது. அவர் வேலிக்கு மேலே எலுமிச்சம் பழம் நீட்டுவார், நான் ஊறுகாய் போட்டுத் திருப்பி நீட்டுவேன். காரம் தாங்காமல் கண்ணில் தண்ணீர் வரும், ஆனாலும் பாட்டில் காலியாகித்தான் வரும்.

2010 செப்டம்பர் 4 விடிகாலை 4:35க்கு முதல் நடுக்கம். அளவு 7.1. ஊருக்கு மேற்கே சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி, டார்ஃபீல்ட் பக்கம். ஊரே தூங்கும் நேரம் என்பதால் தெருவில் ஆள் இல்லை, நேரடியாக ஒருவரும் சாகவில்லை. கோலாலம்பூர் ஆட்களுக்கு நிலநடுக்கம் என்றால் சுமத்ராவில் குலுங்கி இங்கே மாடி வீட்டில் விளக்கு ஆடுவதுதானே. இவ்வளவு பெரியதைத் தாண்டிவிட்டோம், இனி ஒன்றும் இல்லை என்று நினைத்தேன். ஐந்து மாதம் கழித்து, 2011 பிப்ரவரி 22 செவ்வாய்க்கிழமை பகல் 12:51க்கு இன்னொன்று வந்தது. அளவு 6.3தான். ஆனால் ஊருக்குத் தென்கிழக்கே 10 கிலோமீட்டரில், வெறும் 5 கிலோமீட்டர் ஆழத்தில். எண்ணைப் பார்த்து எடை போடக் கூடாது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. 185 பேர் இறந்தார்கள். அதில் 115 பேர் சிடிவி என்ற ஒரே கட்டடத்தில். ஆங்கிலம் படிக்க வந்த வெளிநாட்டுப் பிள்ளைகள் பலர் அதற்குள் இருந்தார்கள். அவர்களும் நம்மை மாதிரி ஊர் விட்டு ஊர் வந்தவர்கள்தானே என்ற நினைப்பு இன்றுவரை போகவில்லை.

நான் அப்போது மதியச் சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தேன். வேலை முடிந்து நடந்தே வீட்டுக்கு வந்தால் எங்கள் தெரு இல்லை, ஆறு இருந்தது. புல்தரையில் சின்னச் சின்ன ஓட்டை விழுந்து, கஞ்சி கொதிக்கிற மாதிரி சாம்பல் நிறச் சேறு பொங்கிக்கொண்டிருந்தது. தரைக்கடியில் இருக்கும் நீர் ஊறிய மணல் குலுக்கலில் தண்ணீர் மாதிரி இளகி மேலே வந்துவிடும். மண் திரவமாதல் என்பார்கள். காய்ந்தால் சிமெண்டுத் தூள், நனைந்தால் களி. பாட்டி கேட்டைப் பிடித்துக்கொண்டு முழங்கால் வரை சேற்றில் நின்றார். அவரை மேலே ஏற்றிவிட்டுக் கைப்பையில் இருந்த கேமராவை எடுத்து நான்கு படம் எடுத்தேன். ஏன் எடுத்தேன் என்று கேட்டால் பதில் இல்லை. அம்மாவுக்குச் சொன்னால் நம்ப மாட்டார் என்று நினைத்திருப்பேன்.

அங்கிருந்து தொடங்கியது. நான் படக் கலைஞர் இல்லை. கோலாலம்பூரில் புறப்படும் முன் வாங்கிய சின்ன டிஜிட்டல் கேமரா, அறுநூறு சொச்சம் வெள்ளி. அதில் பொத்தானை அமுக்கத் தெரியும், அவ்வளவுதான். கழிவுநீர்க் குழாய் எல்லாம் உடைந்து தெருவோரம் பிளாஸ்டிக் கழிப்பறை வரிசையாக நின்றதை எடுத்தேன். மண்வெட்டியும் தள்ளுவண்டியுமாக வந்த பல்கலைக்கழக மாணவர் கூட்டத்தை எடுத்தேன். ஸ்டூடன்ட் வாலண்டியர் ஆர்மி என்று பெயர் வைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கில் வந்தார்கள் அந்தப் பிள்ளைகள். உள்ளே போகலாமா கூடாதா என்று சொல்ல வீட்டுக் கதவுகளில் ஒட்டிய சிவப்பு, மஞ்சள், பச்சைத் தாள்கள். கூடாரத்தில் நடந்த பல்கலைக்கழக வகுப்புகள். எங்களால் கழிவறை இல்லாமல் தாக்குப்பிடிக்க முடியவில்லை, மேற்கே ரிக்கார்டனுக்கு வீடு மாறினோம். பாட்டி மட்டும் அசைய மாட்டேன் என்று விட்டார். மாதம் ஒரு தடவையாவது அவரைப் பார்க்கப் போவேன். திரும்பும்போது பஸ் நிறுத்தத்தில் கால்மணி நேரம் சும்மா நிற்க வேண்டும். பொழுது போகாமல் எதிரே இருந்த தெருமுனையை ஒரு படம் எடுப்பேன். ஒவ்வொரு தடவையும் அதே இடம், அதே கோணம். இந்தப் பழக்கம் பின்னால் என்னைக் காப்பாற்றப் போகிறது என்று அப்போது தெரியாது.

இடிபாட்டை எடுக்க எல்லாரும் வருவார்கள், பத்திரிகைக்காரர்களும் வருவார்கள். மீண்டு வருவதை எடுக்க ஆள் குறைவு, ஏனென்றால் அது மெதுவாக நடக்கும், பார்க்கவும் சப்பென்று இருக்கும். நடு நகரத்தைக் கம்பி வேலி போட்டு அடைத்தார்கள். அதை முழுசாகத் திறக்க 2013 ஜூன் கடைசி ஆனது. இதற்கிடையில் 2011 அக்டோபரில் கேஷல் தெருவில் கப்பல் கண்டெய்னர்களை அடுக்கி வர்ணம் அடித்து ரீஸ்டார்ட் என்று ஒரு கடைத்தெருவே போட்டார்கள். முதல் நாள் அங்கே காப்பி குடித்தவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே, தீபாவளிக்குப் புதுத்துணி போட்ட பிள்ளைகள் மாதிரி. இறந்தவர் ஒவ்வொருவருக்கும் ஒன்றாக 185 வெள்ளை நாற்காலிகளை ஒரு கலைஞர் வரிசையாக வைத்தார். சாப்பாட்டு மேசை நாற்காலி, சாய்வு நாற்காலி, சக்கர நாற்காலி, கைக்குழந்தையைத் தூக்கிப்போகும் கூடை, எல்லாம் வேறு வேறு. அந்தக் கூடையின் முன்னால் நான் கேமராவைக் கீழே போட்டுவிட்டேன். கோபுரம் இடிந்த பழைய பேராலயத்துக்குப் பதிலாக ஷிகெரு பான் என்ற ஜப்பானியக் கட்டடக் கலைஞர் வடிவமைத்த அட்டைக் குழாய்த் தேவாலயம் 2013 ஆகஸ்டில் திறந்தது. இப்படி 2014 ஜனவரியில் விமானம் ஏறும் வரைக்கும் எடுத்தது சுமார் 9,000 படம்.

எல்லாம் ஒரே ஒரு ஹார்ட் டிஸ்க்கில். மெமரி கார்டை அழித்து அழித்துத் திரும்பப் பயன்படுத்தினேன், காசு மிச்சம் என்று. மடிக்கணினியை 2016இல் விற்றுவிட்டேன். ஹார்ட் டிஸ்க்கைக் கல்யாண ஆல்பம், கூறைப்புடவை இவற்றோடு அலமாரியில் அந்துருண்டை போட்டுப் பூட்டி வைத்தேன். பத்திரமாகத்தான் வைத்தேன் என்பது என் நினைப்பு. ஹார்ட் டிஸ்க் புடவை இல்லை. உள்ளே சுழலும் தட்டும், அதை உரசாமல் மயிரிழை உயரத்தில் மிதக்கும் முள்ளும் உள்ள இயந்திரம் அது. வருடக்கணக்காகச் சும்மா கிடந்தாலும் கெடும். நம் ஊர் ஈரப்பதத்தில் கேட்கவே வேண்டாம். வருடத்துக்கு இரண்டு தடவையாவது வெளியே எடுத்துக் கணினியில் போட்டு நாலு படத்தைத் திறந்து பார்க்க வேண்டும். ஏழு வருடத்தில் நான் திறந்தது இரண்டே தடவை.

அன்றைக்கு ராத்திரி பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு டிஸ்க்கைச் செருகினேன். டிக்... டிக்... டிக். சுவர்க் கடிகாரம் மாதிரி. திரையில் ஒன்றும் வரவில்லை. பிடுங்கி மறுபடி செருகினேன். வேறு கேபிள், வேறு ஓட்டை. தட்டிப் பார்த்தேன். இங்கே நிறுத்திச் சொல்கிறேன்: அந்த டிக் டிக் சத்தம் கேட்டால் உடனே பிடுங்கிவிடுங்கள், திரும்பச் செருகவே செருகாதீர்கள். முள் கெட்டுப்போய் இடம் தேடித் தடுமாறும் சத்தம் அது. ஒவ்வொரு தடவை மின்சாரம் கொடுக்கும்போதும் அது தட்டை உரசும் வாய்ப்பு இருக்கிறது. உரசிய இடத்தில் இருந்த படம் போனது போனதுதான். நானோ நாற்பது தடவையாவது செருகியிருப்பேன். போதாக்குறைக்கு அழிந்த கோப்புகளை மீட்கும் மென்பொருள் ஒன்றை 300 வெள்ளி கட்டி வாங்கி, இரண்டு ராத்திரி ஓட விட்டேன். நடுநடுவே டிஸ்க் கண்ணில் பட்டு மறைந்ததால் நம்பிக்கை வேறு. தவறுதலாக அழித்துவிட்ட, நல்ல நிலையில் உள்ள டிஸ்க்குக்குத்தான் அந்த மென்பொருள். இயந்திரமே கெட்டதற்கு அதை ஓட்டுவது, கால் உடைந்தவரை ஓடச் சொல்வது. இந்த வித்தியாசத்தை எனக்கு யாரும் சொல்லவில்லை.

கொழுந்தனார் தொலைபேசியில் ஒரு வைத்தியம் சொன்னார். பிளாஸ்டிக் பையில் சுற்றி ஃப்ரிட்ஜில் வைத்தால் சரியாகிவிடுமாம், எங்கேயோ வீடியோவில் பார்த்தாராம். வைத்தேன். மேல்தட்டில் ஐஸ் பெட்டியில் இடம் இல்லாததால் கீழே இட்லி மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில். மறுநாள் எடுத்தால் பைக்குள் முத்து முத்தாக வியர்த்திருந்தது. சின்ன மகள், "அம்மா, அதுக்குக் காய்ச்சலா?" என்று கேட்டாள். தயவு செய்து யாரும் இதைச் செய்யாதீர்கள். குளிரிலிருந்து நம் ஊர் வெக்கைக்கு வந்ததும் ஈரம் உள்ளேயும் படியும், இருக்கிற உயிரும் போய்விடும்.

பிறகு அக்கம்பக்கத்தில் ஒரு கணினிக் கடை. கடைத் தம்பி நல்ல மாதிரிதான் பேசினார். "விடுங்க அக்கா, பார்த்துக்கலாம்" என்று 150 வெள்ளி முன்பணம் வாங்கினார். எந்தத் தாளிலும் எதுவும் எழுதவில்லை. மூன்று வாரம் கழித்துப் போனால், டிஸ்க்கின் மூடியைக் கழற்றி மேசை மேல் வைத்திருந்தார், மேலே காற்றாடி சுழல்கிறது. பளபளவென்று கண்ணாடி மாதிரி இருந்த தட்டின் ஓரத்தில் ஒரு விரல் ரேகை. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. சரிவராது அக்கா என்று சொல்லி இன்னும் 130 வெள்ளி கேட்டார், திறந்து பார்த்ததற்குக் கூலியாம். சண்டை போடத் தெம்பில்லாமல் கொடுத்துவிட்டு வந்தேன். வீட்டுக்காரரிடம் சொன்னபோது, "விடும்மா, பழைய படம்தானே" என்றார். அவர் மேல் தப்பில்லை, அவர் பாடு அவருக்கு. ஆனால் அன்றைக்கு அந்த வார்த்தை தாங்கவில்லை. குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

கடையில் கொடுக்கும் முன் நான் கேட்டிருக்க வேண்டியவை இவை. தூசி புகாத அறை உங்களிடம் இருக்கிறதா, இல்லை வேறு எங்காவது அனுப்புவீர்களா? என்னிடம் கேட்காமல் திறக்க மாட்டீர்கள் என்று எழுதித் தருவீர்களா? பார்த்துச் சொல்ல எவ்வளவு, மீட்க எவ்வளவு, மீளவில்லை என்றால் எவ்வளவு? மீண்ட கோப்புகளின் பட்டியலைக் காட்டிய பிறகு காசு வாங்குவீர்களா, முன்னாலேயா? இந்த நாலு கேள்விக்கு மழுப்பினால் டிஸ்க்கைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். நான் வெட்கப்பட்டுக்கொண்டு ஒன்றையும் கேட்கவில்லை. மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்க்காமல் வாங்கமாட்டேன், இதில் மட்டும் என்ன வந்ததோ.

கட்டுப்பாடு தளர்ந்ததும் மீட்பு வேலை மட்டுமே செய்யும் ஓரிடத்தைத் தேடிப் பிடித்தேன். அங்கிருந்த சீனப் பெரியவர் டிஸ்க்கைத் திருப்பிப் பார்த்ததுமே, இதை யாரோ திறந்திருக்கிறார்கள் என்றார். திறக்காமல் கொண்டுவந்திருந்தால் பாதி விலைதான், வாய்ப்பும் அதிகம் என்று முகத்துக்கு நேரே சொன்னார். அதே மாடல், அதே தயாரிப்பு வரிசை டிஸ்க் ஒன்றைத் தேடி வாங்கி, அதன் முள்ளைக் கழற்றி இதில் பொருத்த வேண்டும். அந்த உதிரிக்கு 650 வெள்ளி, முடிந்தாலும் முடியாவிட்டாலும் திரும்பாது. மீண்டால் இன்னும் 2,600. மகளுக்குச் சேர்த்து வைத்திருந்ததில் கை வைத்தேன். மே மாதம் ஊர் மறுபடி முடங்கியது, உதிரி வர நாளாகி, ஆகஸ்ட் மாதம் கூப்பிட்டார்கள். 5,800 சொச்சம் படம் மீண்டது. அதில் 700 போல பாதிதான், மேலே வானமும் கூரையும் தெரியும், கீழ்ப்பாதி ஒரே சாம்பல் நிறம். மிச்சம் மூவாயிரத்துக்கு மேல் காணோம். என் இரண்டு ராத்திரி மென்பொருளும் அந்த விரல் ரேகையும் சேர்ந்து தின்றது அது.

சந்தோஷப்பட்டு வீட்டுக்கு வந்து திறந்தால் அடுத்த அடி. நான் மாதவாரியாக, இடவாரியாகப் போட்டு வைத்த பெயர்கள் எதுவும் இல்லை. ஒரே குப்பை. ஒன்றிலிருந்து ஐயாயிரத்து எண்ணூறு வரை வெறும் எண்கள். டிஸ்க்கின் அட்டவணை கெட்டுப்போனால் படத்தை மட்டும் துருவி எடுப்பார்களாம், பெயரும் கோப்புறையும் வராதாம். ஆனால் ஒன்று: கேமரா ஒவ்வொரு படத்துக்கு உள்ளேயே எடுத்த நாளையும் நேரத்தையும் எழுதி வைத்திருக்கும், அது தப்பியது. அதை வைத்து வரிசைப்படுத்தலாம் என்று உட்கார்ந்தேன். முதல் படமே இடித்தது. பாட்டி சேற்றில் நின்றாரே, அந்தத் தெருவின் படம், நேரம் காலை 9:40 என்று காட்டுகிறது. நடுக்கம் வந்ததோ 12:51க்கு. ஒரு நிமிடம் என் புத்தியையே சந்தேகப்பட்டேன். அப்புறம் பிடிபட்டது. கேமராவைக் கோலாலம்பூரில் வாங்கியபோது வைத்த நேரத்தை நான் மாற்றவே இல்லை. மூன்றரை வருடமும் என் கேமரா மலேசியாவில்தான் இருந்திருக்கிறது. அதன் கணக்குப்படி நடுக்கம் வந்தது காலை 7:51.

சரி, ஐந்து மணி நேரத்தைக் கூட்டினால் போச்சு என்று எல்லாப் படத்துக்கும் மொத்தமாகக் கூட்டும்படி செய்துவிட்டேன். அதுவும் தப்பு. 2011 ஜூன் 13 மதியம் 2:20க்கு இன்னொரு பெரிய நடுக்கம் வந்தது. நான் அன்று பாட்டி வீட்டில் இருந்தேன். வெளியே ஓடிவந்து, காய்ந்திருந்த தரை மறுபடி பொங்குவதைப் பத்து நிமிடத்துக்குள் எடுத்தேன், நன்றாக ஞாபகம் இருக்கிறது. படத்தில் நேரம் 3:29 என்று நின்றது. நியூசிலாந்தில் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளுவார்கள், ஏப்ரல் முதல் ஞாயிறு பின்னே இழுப்பார்கள், செப்டம்பர் கடைசி ஞாயிறு மறுபடி தள்ளுவார்கள். ஆக கோடைக்கு நமக்கும் அவர்களுக்கும் ஐந்து மணி, குளிர்காலத்துக்கு நாலு மணி. நமக்கு வருடம் முழுக்க ஏழு மணிக்கு இருட்டும், இதெல்லாம் எங்கே தெரிகிறது. நல்லவேளை, மூலப் படங்களைத் தொடாமல் ஒரு நகலில்தான் கூட்டியிருந்தேன். இதை மட்டும் எப்படியோ சரியாகச் செய்திருக்கிறேன். நேரத்தைச் சரிபார்க்கப் படங்களில் ஏதாவது பொதுக் கடிகாரம் இருக்கிறதா என்று தேடியதில் விக்டோரியா தெரு மணிக்கூண்டு கிடைத்தது. துள்ளிக் குதித்தேன். உற்றுப் பார்த்தால் அது நடுக்கத்தில் 12:51லேயே நின்றுபோன கடிகாரம். ராத்திரி ஒரு மணிக்குத் தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

வெளியூர் போகிறவர்கள் இறங்கியதும் கேமரா நேரத்தை மாற்றுங்கள், முடியாவிட்டால் கைப்பேசிக் கடிகாரத்தை ஒரு படம் எடுத்து வையுங்கள், வித்தியாசம் பின்னால் தெரியும். எடுத்த அன்றே தெருப் பெயரை எங்காவது ஒரு வரி எழுதுங்கள். எட்டு வருடம் கழித்து ஓர் இடிந்த சுவர் இன்னொரு இடிந்த சுவர் மாதிரித்தான் இருக்கும். கிட்டத்தட்ட 900 படம் எந்தத் தெரு என்றே எனக்குத் தெரியவில்லை, இன்றும் அப்படியே கிடக்கிறது. தெரிந்துகொள்ள உதவியது பக்கவாட்டில் அகப்பட்ட சில்லறைகள்தான். ஒரு பஸ் நிறுத்தப் பலகை, கடைப் பெயரில் மிச்சமிருந்த மூன்று எழுத்து, தபால் பெட்டி எண். அழகாக இருக்கட்டும் என்று நான் அவற்றை ஒதுக்கி எடுத்த படங்கள்தான் இப்போது அனாதையாக நிற்கின்றன.

இன்னொன்றும் கூச்சத்தை விட்டுச் சொல்ல வேண்டும். 2011இல் ஒரு மனிதர் தன் வீட்டு வாசலில் மண்வெட்டியோடு குந்தி அழுததை எடுத்து ஃபேஸ்புக்கில் போட்டிருந்தேன். நூறு பேர் விருப்பம் போட்டார்கள். அந்த மனிதரிடம் கேட்கவில்லை. நம் வீட்டுத் துக்கத்தை யாராவது அப்படிப் போட்டால் விடுவோமா? அதை எடுத்துவிட்டேன். கேன்டர்பரி பல்கலைக்கழகத்தில் சீஸ்மிக் என்ற பெயரில் நிலநடுக்கப் படங்களையும் கதைகளையும் சேர்த்துவைக்கும் மின் ஆவணக் காப்பகம் இருக்கிறது. நம்மை மாதிரி சாதாரண ஆட்களின் படத்துக்கும் அங்கே இடம் உண்டு. அதற்குக் கொடுக்க ஒதுக்கியபோது முகம் தெரியும் படங்களைத் தனியாகப் பிரித்தேன். தெருமுனைப் படங்களைத்தான் முதலில் எடுத்து வைத்தேன்.

பாட்டி வீட்டுக்கு வருகிறேன். நேராக நின்று எடுத்த படம் ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது, அதுவும் பாதி. புகைபோக்கி விழுந்த கூரை, ஜன்னலின் மேல்பாதி, அதற்குக் கீழே சாம்பல். பாட்டி நின்றது அந்தச் சாம்பலுக்குள்தான். அன்றைக்கு மனசு விட்டுப்போனது. ஒரு வாரம் தொடவில்லை. பிறகு அந்தச் சீனப் பெரியவருக்கே கூப்பிட்டுக் கேட்டேன். கேமரா ஒவ்வொரு படத்துக்குள்ளும் தபால்தலை அளவு சின்னப் பிரதி ஒன்றையும் வைத்திருக்கும், பெரிது கெட்டாலும் சிறிது தப்பியிருக்கலாம் என்றார். காசு கேட்கவில்லை. எடுத்துப் பார்த்தால் குறுக்கே 160 புள்ளி, நெடுக்கே 120. விரல் நகம் அளவுதான். அதில் பாட்டி முழுசாக நிற்கிறார், கையில் டீக் கோப்பை, பின்னால் மஞ்சளாக நாலு புள்ளி. எலுமிச்சம் பழம்.

அப்புறம்தான் பஸ் நிறுத்தத் தெருமுனை ஞாபகம் வந்தது. தேடினேன். அந்த வரிசையில் 19 படம் மீண்டிருந்தது, எல்லாவற்றிலும் இடது ஓரத்தில் பாட்டி வீடு. பெருக்கிப் பார்த்தேன். 2011 மார்ச்சில் சேற்று மேடு. ஜூன் 23ஆம் தேதி அரசாங்கம் ஏவன்சைடின் ஒரு பகுதியைச் சிவப்பு மண்டலம் என்று அறிவித்தது, நிலத்தைச் சரிசெய்து கட்டுவது கட்டுப்படியாகாது, 2007 மதிப்பீட்டு விலைக்கு வாங்கிக்கொள்கிறோம் என்று. அதற்கு அடுத்த மாதப் படத்தில் பாட்டி வீட்டு ஜன்னலில் புதுத் திரைச்சீலை. வீம்புக்காரர். 2012 கடைசியில் திரைச்சீலை இல்லை. 2013இல் வேலி, அடுத்த படத்தில் வீடே இல்லை. வெறும் புல், ஓரத்தில் அந்த மரம் மட்டும். பாதிப் படம், தபால்தலைப் படம், இந்தப் 19, எல்லாவற்றையும் நாள் நேரம் போட்டுப் பாட்டியின் மகளுக்கு அனுப்பினேன். பிப்ரவரிக்குக் கேட்டது செப்டம்பரில் போகிறதே என்று மன்னிப்பும் கேட்டேன்.

அதன் பிறகு எல்லாவற்றையும் மூன்று பிரதி எடுத்தேன். புது டிஸ்க் இரண்டு, 498 வெள்ளி, அது போக இணையக் கிடங்கில் மாதம் சில வெள்ளி கட்டி ஒன்று. ஒரு பிரதியாவது வேறு வீட்டில் இருக்க வேண்டும் என்பார்களே, ஒரு டிஸ்க்கை ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் இருக்கும் அக்கா வீட்டில் கொடுத்தேன். டிவி மேசை இழுப்பறையில் பத்திரமாக வைத்தார். 2021 டிசம்பர் 18 வெள்ளத்தில் கீழ்த்தளம் முழுக்க மூழ்கி, டிஸ்க்கும் அவர்கள் கல்யாண ஆல்பமும் சேர்ந்து போனது. அக்கா என்னிடம் டிஸ்க்குக்காக மன்னிப்புக் கேட்டார். எனக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. ஆல்பத்தின் ஈரப் பக்கங்களை மொட்டை மாடியில் உலர்த்த நானும் போனேன். ஒட்டிக்கொண்ட படங்களை இழுத்துப் பிரிக்காமல் சுத்தமான தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்து, முகம் மேலே பார்க்க நிழலில் பரப்பினோம். ஐம்பதுக்கு முப்பது தேறியது. வேறு வீடு என்றால் மாடி வீடாகவும் இருக்கட்டும்.

நியூசிலாந்திலிருந்து பதில் வர ஒரு வாரம் ஆனது. நன்றி இரண்டு வரிதான். கீழே ஒரு படம் இருந்தது. அவர் அந்த இடத்துக்கே போயிருக்கிறார். வீடு இருந்த சுவடே இல்லை, ஆளுயரப் புல். மரம் நிற்கிறது, போகிற வருகிறவர்கள் பறித்துக்கொள்கிறார்களாம். கையில் மூன்று பழத்தை ஏந்தி எடுத்திருந்தார், ஊறுகாய்க்கு எவ்வளவு உப்பு என்று கேட்டு. படத்தைச் சேமிக்கும்போது பெயர் கேட்டது. தெருப் பெயரும் நாளும் போட்டு, நேரம் 3:15 என்று எழுதி, நியூசிலாந்து நேரம் என்றும் சேர்த்தேன்.